கைக்கு இசைந்த மட்டை

"வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்பது முதுமொழி. அது மெய்யே. ஆயினும், வல்லவனாகும் வரையில் ஒருவன் எக்கருவியைக் கொண்டு பயில்வது என்பதை அம்முதுமொழி கூறவில்லை. டென்னிஸ் பயிலப் புகும் பிள்ளைகளின் பெற்றோர் முன் நிற்கும் வினா இதுவேயாம். கடைக்காரர் பத்து மட்டைகளை எடுத்துப் பரப்புகிறார். ஒவ்வொன்றும் பந்துக்கு மின்னல் வேகம் தரும் என்கிறார். விலையோ நடுத்தரக் குடும்பத்தின் மாதச் செலவை அசைத்துவிடும். தெரிவு பிழைத்தால் இழப்பது பணம் மட்டுமன்று. பிள்ளையின் முழங்கைக்கும் கேடு, ஆட்டத்தின் மீதுள்ள ஆசைக்கும் கேடு.

பிலிமத்தலாவையில் கொழும்பு-கண்டி வீதி வழியே செல்வோர், பித்தளை விளக்குகளும் தட்டங்களும் அடுக்கிய கடைகளைக் கண்டிருப்பர். பித்தளையில் நுண்ணிய சித்திரம் செதுக்கும் கைவினைஞர் பெருஞ் சுத்தியலைத் தேடுவதில்லை. மனம் நினைத்த இடத்தில் உளி இறங்க வேண்டும். அதுவே அவருக்கு வேண்டுவது. டென்னிஸ் மட்டைக்கும் இவ்விதி பொருந்தும். பந்தை விசையுடன் எறியும் மட்டை வேறு. நினைத்த இடத்திற் கொண்டு சேர்க்கும் மட்டை வேறு. ஒன்றிற் கூடுவது பெரும்பாலும் மற்றொன்றிற் குறையும்.

பந்தை இடமறிந்து சேர்ப்பதன் பெருமையை உலகுக்கு எடுத்துக் காட்டிய தமிழர் இராமநாதன் கிருஷ்ணன் ஆவார். தந்தை டி. கே. இராமநாதனிடமே ஆட்டம் பயின்ற அவர், 1954ஆம் ஆண்டில் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்றார். ஆசிய நாட்டவருள் அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றார். 1961இல் அவரிடம் தோற்றவர்களுள் ரோய் எமர்சனும் ஒருவர். கிருஷ்ணனின் தொடக்க அடி மென்மையானது. எதிரியை விசையால் வீழ்த்துவது அவர் வழியன்று. பந்து எங்கே விழவேண்டுமென அவர் எண்ணினாரோ அங்கே விழுந்தது. அவர் மைந்தர் ரமேஷ் கிருஷ்ணனும் அவ்வழியே நின்று, 1979இல் அதே இளையோர் பட்டத்தைப் பெற்றார். 1989இல் ஆஸ்திரேலியப் போட்டியில், அப்பொழுது உலகின் முதல் நிலையில் இருந்த மற்ஸ் விலாண்டரையே வென்றார்.

தந்தை கிருஷ்ணன் ஆடிய காலத்து மரமட்டையின் முகம் ஏறத்தாழ 65 முதல் 70 சதுர அங்குலமே. எடையோ 13, 14 அவுன்ஸ் இருக்கும். அம்மட்டை பிழை பொறுக்காத ஆசிரியர் போன்றது. நடுவிற் படாத பந்து உடனே தன் குறையைக் கைக்கு உணர்த்திவிடும். 1976இல் ஹோவர்ட் ஹெட் என்பவர் வடிவமைத்த பிரின்ஸ் மட்டை, 110 சதுர அங்குல முகத்துடன் விற்பனைக்கு வந்தது. மரமட்டையின் ஆட்சி தளர்ந்தது. 1981இல் ஜோன் மெக்கன்ரோ வென்றதே மரமட்டை கொண்டு ஆடவர் ஒற்றையரில் பெற்ற கடைசி விம்பிள்டன் வெற்றியாகும். இன்று எங்கும் காணப்படுவன கிரஃபைட் மட்டைகளே.

இவற்றுள், பந்தை அடக்கி ஆள விரும்புவோர் ஐந்தினைக் கவனித்தல் வேண்டும்.

முதலாவது, முகம். 95 முதல் 98 சதுர அங்குலமுள்ளது அடக்கத்திற்கு ஏற்றது. 100 நடுத்தரம். 105க்கு மேற்பட்டது தவறிப் பட்ட பந்தையும் தாங்கும். ஆனால் பந்து கட்டுமீறிப் பாயவும் கூடும்.

இரண்டாவது, சட்டம். 20 முதல் 22 மில்லிமீற்றர் தடிப்புள்ள மெல்லிய சட்டம் பெரும்பாலும் சிறிது வளைந்து, பந்தின் விசையில் ஒரு பங்கைத் தான் ஏற்கும். தடித்து விறைத்த சட்டம் அவ்விசையைப் பந்துக்கே திருப்பிவிடும்.

மூன்றாவது, எடை. வலிய கையுடைய வளர்ந்தோர்க்கு, நரம்பு கட்டாத நிலையில் 300 முதல் 320 கிராம் வரை பொருந்தும். அவ்வெடை கைப்பிடிப் பக்கம் சாய்ந்திருப்பின், மட்டை அதிராது நிற்கும், திருப்பவும் எளிது. வலிமை குறைந்தோர் இதனினும் இலேசானதைக் கொள்வதே அறிவுடைமை.

நான்காவது, நரம்பு. நெடுக்கே 18, குறுக்கே 20 எனச் செறிந்த பின்னல் பந்தைத் தாழ்வாகச் செலுத்தும். 16, 19 என்ற ஐதான பின்னல் சுழற்சி தரும். பெரும்பாலோர் 50 முதல் 60 இறாத்தல் இறுக்கத்திற் கட்டுவர். இறுக்கம் கூடினால் அடக்கம் கூடும். கையில் அதிர்ச்சியும் கூடும். ஆதலால் ஒரு முறைக்கு இரண்டு இறாத்தலுக்கு மேல் மாற்றலாகாது.

ஐந்தாவது, கைப்பிடி. மட்டையைப் பிடித்த பின், விரல் நுனிகளுக்கும் உள்ளங்கைக்கும் இடையே மற்றக் கையின் சுட்டுவிரல் நுழையும் அளவு இடமிருத்தல் வேண்டும். இடமின்றேல் பிடி சிறிது. மிகுந்தால் பிடி பெரிது.

மலைநாட்டார்க்கு மேலும் ஒரு செய்தி உண்டு. உயரம் ஏற ஏறக் காற்று ஐதாகும். பந்தைத் தடுக்கும் ஆற்றலும் குறையும். கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. இங்கு வேறுபாடு சிறிதே. ஆனால் நுவரெலியா 1,800 மீற்றருக்கும் மேலானது. 1,219 மீற்றருக்கு மேற்பட்ட இடங்களுக்கென உலக டென்னிஸ் சம்மேளனம் தனிப் பந்தையே வகுத்துள்ளது. கண்டியிற் கோட்டுக்குள் விழும் அடி அங்கே கோட்டைத் தாண்டக்கூடும். எனவே அங்கு ஆடச் செல்வோர் நரம்பைச் சற்று இறுக்குதல் நன்று. மேலும், நம் மழையும் ஈரமும் விலங்கின் குடலாற் செய்த நரம்புக்குப் பகை; செயற்கை நரம்பே இங்கு நெடுநாள் உழைக்கும்.

பிள்ளைகள் வளர்வார்களே என்று பெரிய சட்டை தைப்பது போல் பெரிய மட்டை வாங்குதல் தகாது. வளர்ந்தோரின் மட்டை 27 அங்குல நீளம். சிறார்க்கு 21, 23, 25 அங்குலங்களில் மட்டைகள் உள. பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் மெதுவான பந்துகளையே பயன்படுத்தவேண்டுமென 2012இல் விதியும் வந்தது. சிறு கையிற் பெரும் பாரத்தை ஏற்றினால் பிள்ளை பந்தைப் பழகாது. பாரத்தைத் தாங்கவே பழகும். முரட்டுப் பொலியெஸ்டர் நரம்பும் இளங்கைக்கு ஆகாது.

கையிற் பழைய மட்டை இருப்பின், புதியது தேடுமுன் அதன் நரம்பை மாற்றிப் பாருங்கள். ஆடாது வைத்திருப்பினும் நரம்பு நாளடைவில் தளரும். மட்டையின் குற்றமெனத் தோன்றுவது பல வேளைகளில் நரம்பின் தளர்ச்சியே.

வாங்கத்தான் வேண்டுமெனின், நண்பரிடமோ பயிற்றுநரிடமோ இரண்டு மூன்று மட்டைகளை இரவல் பெறுங்கள். எதிர்ப்புறத்து மூலையில் ஒரு துணியை விரித்து, ஒவ்வொரு மட்டையாலும் இருபது பந்துகளைப் பிள்ளை அடிக்கட்டும். எது அதிகம் பாய்ச்சியது என்று பாராமல், எது துணியருகே அதிகம் விழச் செய்தது என்று எண்ணிப் பாருங்கள். மறுநாட் காலையிற் கை நோகிறதா என்றும் கேளுங்கள். இவ்விரு வினாக்களுக்கும் நல்ல விடை தரும் மட்டையே, விலை குறைந்ததாயினும், உங்கள் பிள்ளைக்கு உரியது.