எஸ்டேட் விற்பனையில் தையற்கலைப் பொருட்கள்

எஸ்டேட் விற்பனை என்பது, ஒருவர் இறந்த பின்னரோ, முதியோர் இல்லத்துக்கு அல்லது சிறிய வீட்டுக்குக் குடிபெயரும்போதோ, அவருடைய வீட்டில் உள்ள உடைமைகளை அவ்வீட்டிலேயே வைத்து விலை குறித்து விற்கும் முறை ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் இம்முறை பரவலாகக் காணப்படுகின்றது. தமிழ்ப் பேச்சு வழக்கில் எஸ்டேட் என்றதும் தேயிலைத் தோட்டமே நினைவுக்கு வரும். இங்கு அச்சொல் ஒருவர் விட்டுச்செல்லும் உடைமைத் தொகுதியைக் குறிக்கும் சட்டச் சொல்லாகும். பழைய தையல் இயந்திரங்கள், துணிகள், பொத்தான்கள், பூத்தையல் நூல்கள், முற்றுப்பெறாத கைவேலைகள் ஆகியவற்றைத் தேடுவோருக்கு இவ்விற்பனைகள் முக்கியமான இடமாக உள்ளன. அப்பொருட்களை அடையாளம் காணும் முறைகளை இக்கட்டுரை விளக்குகின்றது.

பின்னணி

அமெரிக்காவில் 1917 ஆம் ஆண்டின் ஸ்மித்-ஹியூஸ் சட்டம், பள்ளிகளில் மனையியல் கல்விக்குக் கூட்டரசின் நிதி கிடைக்க வழி செய்தது. அதன் பின்னர் பல தலைமுறைப் பெண்கள் பள்ளியிலேயே தையல் கற்றனர். 1930களின் பொருளாதாரப் பெருமந்தமும் இரண்டாம் உலகப் போரும் துணியை வீணாக்காத பழக்கத்தை வீடுகளில் ஊன்றச் செய்தன. ஆயத்த ஆடைகள் மலிவானபோது வீட்டுத் தையல் குறைந்தது. ஆயினும் அப்பெண்கள் சேர்த்து வைத்த பொருட்கள் அலமாரிகளிலும் நிலவறைகளிலும் அப்படியே இருந்தன. அவர்களது வீடுகள் காலியாகும்போதுதான் அவை வெளியே வருகின்றன.

பெரும்பாலான விற்பனைகளை இதற்கென உள்ள நிறுவனங்கள் தரகுக்கு நடத்துகின்றன. நிறுவனத்தினர் வெள்ளிப் பாத்திரம், நகை, மரத்தளவாடம் ஆகியவற்றின் விலையை நன்கு அறிந்தவர்கள். தையல் அறையைப் பற்றி அவ்வளவு அறிவு அவர்களுக்கு இருப்பதில்லை. ஆகவே ஒரு பெட்டி நிறையப் பொத்தான்களுக்கோ, ஒரு கூடை நிறைய நூலுக்கோ பொதுவாக ஒரே விலை குறிக்கப்படுகின்றது. விலைமதிப்புள்ள பொருள் குறைந்த விலைக்குக் கிடைப்பதற்கும், வேண்டாத பொருளுக்கு மிகுந்த விலை கேட்கப்படுவதற்கும் இதுவே காரணம்.

விற்பனை நடைபெறும் முறை

விற்பனை பெரும்பாலும் வார இறுதியில் இரண்டு அல்லது மூன்று நாட்கள் நடைபெறும். முதல் நாள் காலையில் வரிசை எண் கொடுத்துச் சிறு குழுக்களாக உள்ளே விடுவது வழக்கம். முதல் நாளில் பேரம் பேசுவது அரிது. அடுத்த நாள் விலை குறைக்கப்படும். கடைசி நாளில் பாதி விலை என்பது பல நிறுவனங்களின் வழக்கம். பொருள் உள்ள நிலையிலேயே விற்கப்படும், திருப்பிக் கொடுக்க இயலாது.

தையல் இயந்திரம், ஒட்டுத்துணிப் போர்வை ஆகியவற்றை நாடுவோர் முதல் நாளே செல்வது நன்று. துணி, மாதிரித்தாள், நூல் ஆகியவற்றுக்குக் கடைசி நாள் போதும். தையற் பொருட்கள் தையல் அறையில் மட்டும் இருப்பதில்லை. பிஸ்கட் தகரங்கள், சுருட்டுப் பெட்டிகள், படுக்கையறை இழுப்பறைகள், நிலவறை அலமாரிகள் ஆகியவற்றிலும் தேட வேண்டும். மேசை போலத் தோன்றும் மரத்தளவாடத்தின் மேற்பலகையைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே இயந்திரம் மடங்கிக் கிடப்பதுண்டு.

தையல் இயந்திரங்கள்

இவ்விற்பனைகளில் மிகுதியாகக் காணப்படுவது சிங்கர் இயந்திரங்களே. ஐசக் மெரிட் சிங்கர் 1851 ஆம் ஆண்டில் தம் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். நிறுவனத்தின் பெரிய ஆலைகளில் ஒன்று நியூ செர்சி மாநிலத்தின் எலிசபெத் நகரிலும், மற்றொன்று ஸ்காட்லாந்தின் கிளைட்பாங்கிலும் இருந்தன. கிளைட்பாங்க் ஆலை 1980 இலும், எலிசபெத் ஆலை 1982 இலும் மூடப்பட்டன.

இயந்திரத்தின் அடித்தட்டில் பொறிக்கப்பட்டுள்ள தொடரெண்ணைக் கொண்டு அதன் வயதை அறியலாம். 1900 ஆம் ஆண்டுக்கு முற்பட்டவற்றில் எண் மட்டும் இருக்கும். அதன் பின்னர் எண்ணுக்கு முன் ஆங்கில எழுத்து சேர்க்கப்பட்டது. எடுத்துக்காட்டாக, ஜி என்னும் எழுத்து எலிசபெத்தையும், ஜே என்னும் எழுத்து கிளைட்பாங்கையும் குறிக்கும். இம்முறை அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உள்ள பழைய சிங்கர் இயந்திரங்களின் வயதையும் இவ்வாறே கண்டறியலாம்.

பலரை ஏமாற்றும் ஒரு அடையாளம் உண்டு. சில இயந்திரங்களின் பித்தளைச் சின்னத்தைச் சுற்றி நீல நிற வளையமும் அதில் 1851, 1951 என்னும் ஆண்டுகளும் இருக்கும். இது நிறுவனத்தின் நூற்றாண்டைக் குறிக்கும் சின்னமே. அச்சின்னம் உள்ள இயந்திரம் 1951 ஆம் ஆண்டை ஒட்டிச் செய்யப்பட்டது. அதனை 1851 ஆம் ஆண்டின் இயந்திரம் எனக் கூறி மிகுந்த விலை கேட்பவர் இன்றும் உள்ளனர்.

தேடுவோர் பெரிதும் விரும்புவது சிங்கர் 221 வகையாகும். இது 1933 ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் அறிமுகமானது. அலுமினிய உடல் கொண்டதால் எடை ஏறத்தாழ 5 கிலோகிராம் மட்டுமே. இதனால் ஃபெதர்வெயிட், அதாவது இறகின் எடை, எனப் பெயர் பெற்றது. சிறிய கறுப்புப் பெட்டிக்குள் அடங்கும் இதனைத் துணி ஒட்டும் கலைஞர்கள் வகுப்புகளுக்கு எடுத்துச்செல்வர். இவ்வகையில் பாபின் கேஸ் உள்ளே இருக்கின்றதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அது தொலைந்திருந்தால் தனியே வாங்கப் பெருஞ்செலவாகும். இயந்திரத்தையும் பெட்டியையும் பார்த்துவிட்டு மிதிவிசையை மறந்துவிடுவதும் வழக்கமான தவறு.

பழைய இயந்திரத்தின் கைச்சக்கரம் சுழலவில்லை எனில் அது கெட்டுவிட்டதாகக் கொள்ள வேண்டியதில்லை. பல ஆண்டுகள் கிடந்த எண்ணெய் பிசினாக இறுகுவதே பெரும்பாலும் காரணம். மண்ணெண்ணெயால் இறுகியதைக் கரைத்துத் துடைத்து, பின்னர் தையல் இயந்திர எண்ணெய் இட்டால் பெரும்பாலானவை இயங்கும். ஆனால் உள்ளுறுப்புகளில் ஆழமான துரு, விரிசல் விட்ட வார்ப்பு, பூச்சு உரிந்து செம்பு தெரியும் மின்கம்பி ஆகியவை வேறு வகை. பழைய மின்கம்பியைச் சரிபார்க்காமல் மின்சாரத்தில் இணைக்கக் கூடாது. கறுப்புப் பூச்சின் மேல் உள்ள பொன்னிறச் சித்திரங்களை அரக்குப் பூச்சு காக்கின்றது. ஆல்ககால் கொண்டு துடைத்தால் அரக்குக் கரைந்து சித்திரமும் அழிந்துவிடும்.

ஊசி கிடைக்குமா என்பது மாணவர் பலரும் கேட்கும் வினா. சிங்கர் 15, 66, 201, 221 ஆகிய வகைகளுக்கு இன்றைய வீட்டு இயந்திரங்களில் பயன்படும் ஊசியே பொருந்தும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சப்பானில் 15 ஆம் வகையைப் பின்பற்றிச் செய்யப்பட்டு எண்ணற்ற பெயர்களில் விற்கப்பட்ட இயந்திரங்களுக்கும் இது பொருந்தும். பெயர் அறிமுகமில்லை என்பதற்காக அவற்றை ஒதுக்குவது சரியன்று. அவை உறுதியானவை, விலையும் குறைவு.

கால்மிதி இயந்திரங்களின் வார்ப்பிரும்புத் தாங்கியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் மேல் பளிங்குப் பலகை பொருத்தி மேசையாக்கும் பழக்கம் உள்ளது. இயங்கக்கூடிய இயந்திரத்தைப் பிரித்துப் போடுவதற்கு இது நல்ல காரணமாகாது.

துணிகளும் சாக்குகளும்

1920களில் இருந்து அமெரிக்க மாவு ஆலைகளும் தீவன நிறுவனங்களும் தம் பருத்திச் சாக்குகளைக் கட்டங்களும் பூக்களும் அச்சிட்டு வெளியிட்டன. மாவு தீர்ந்த பின் அத்துணியில் சட்டையும் பாவாடையும் தைப்பர் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஒரு பெண்ணின் ஆடைக்கு ஒரே அச்சில் இரண்டு மூன்று சாக்குகள் தேவைப்பட்டன. எனவே தீவனம் வாங்கச் செல்லும் கணவரிடம் எந்த அச்சு வேண்டும் எனச் சொல்லி அனுப்புவது பண்ணை வீடுகளில் வழக்கமாயிற்று. தாள், நெகிழிப் பைகள் வந்த பின் இச்சாக்குகள் மறைந்தன.

உண்மையான சாக்குத் துணியின் ஓரத்தில் சங்கிலித் தையல் பிரிக்கப்பட்ட துளைகள் ஒரே வரிசையில் தெரியும். நெசவு சற்றுப் பருமனாக இருக்கும். 1930களின் அச்சுகளைப் பின்பற்றிய புதிய துணிகள் பின்னாளில் மிகுதியாக வெளிவந்துள்ளன. அவற்றில் இத்துளைகள் இரா. பொதுவான பருத்தித் துணிக்கு அகலம் ஒரு நல்ல சான்று. ஓரக்கரை முதல் ஓரக்கரை வரை 36 அங்குலம் அளவில் இருந்தால் அது பெரும்பாலும் 1960களுக்கு முற்பட்டது. இன்றைய துணி 44 அங்குலம் அளவினது.

ஒட்டுத்துணிப் போர்வைகளை வாங்குமுன் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்க வேண்டும். பழுப்பு, கறுப்பு நிறத் துண்டுகள் மட்டும் பொடிந்திருந்தால், சாயத்தில் சேர்த்த இரும்பு இழையை அரித்துள்ளது எனக் கொள்ளலாம். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் பட்டுக்கு எடை கூட்ட வெள்ளீய உப்புகளைச் சேர்த்தனர். அப்பட்டு மடிப்புகளில் கிழிந்து உதிரும், இதனைத் தடுக்க வழியில்லை. கம்பளித் துணியிலும் நூலிலும் அந்துப்பூச்சி இருக்கக்கூடும். வீட்டுக்குள் மற்றத் துணிகளோடு சேர்க்குமுன் நெகிழிப் பையில் கட்டி உறைபெட்டியில் சில நாட்கள் வைப்பர்.

மாதிரித்தாள்கள்

எபனேசர் பட்டரிக் என்னும் தையற்காரர் 1863 ஆம் ஆண்டில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் அளவு வாரியான தாள் மாதிரிகளை விற்கத் தொடங்கினார். மெக்கால் 1870 இலும் சிம்பிளிசிட்டி 1927 இலும் தோன்றின. மிகப் பழைய மாதிரிகளில் அச்சு இராது, மெல்லிய தாளில் துளைகளே குறிகளாக இருக்கும். உறையில் உள்ள அளவெண்ணை நம்பக்கூடாது. 1960களின் இறுதியில் அளவுமுறை மாற்றப்பட்டதால் பழைய 14 இன்றைய 14 அன்று. மார்பளவை அங்குலத்தில் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். துண்டுகள் அனைத்தும் உள்ளனவா என எண்ணிப் பார்ப்பதும் தேவை. வெட்டப்படாது, ஆலை மடிப்புக் கலையாது இருப்பவற்றுக்கு மதிப்பு மிகுதி. ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகம் இத்தகைய மாதிரிகளுக்கென ஓர் ஆவணக் காப்பகத்தைப் பேணுகின்றது.

பொத்தான்கள்

அயோவா மாநிலத்தின் மஸ்கட்டீன் நகரில் ஜான் போப்பிள் என்னும் செருமானியக் குடியேறி 1891 ஆம் ஆண்டில் மிசிசிப்பி ஆற்றுச் சிப்பியில் இருந்து பொத்தான் செய்யத் தொடங்கினார். பின்னர் அந்நகர் உலகின் முத்துச்சிப்பிப் பொத்தான் தலைநகர் எனப் பெயர் பெற்றது. பாட்டிமாரின் பொத்தான் தகரங்களில் இவை ஏராளம். கன்னத்தில் வைத்தால் சிப்பி குளிர்ந்திருக்கும், நெகிழி அவ்வாறு இராது. பேக்கலைட் பொத்தானை வெந்நீரில் நனைத்தால் கடுமையான மருந்து வாடை வீசும். செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றும். ஆதலால் சூடான ஊசியால் குத்திச் சோதிக்கும் பழைய முறையைக் கைவிட வேண்டும். சிதையும் செல்லுலாய்டு அருகிலுள்ள உலோகத்தையும் அரிப்பதால் அதனைத் தனியே வைப்பர்.

நூலும் சிறு கருவிகளும்

மரக்கட்டையில் சுற்றிய பருத்தி நூல் பார்க்க அழகானது, தைக்க உதவாது. இரு கைகளாலும் இழுத்தால் பட்டென அறுந்துபோகும் நூலை இயந்திரத்தில் இடக்கூடாது. பிரான்சின் மியூலூசு நகரில் 1746 இல் தொடங்கிய டி.எம்.சி. நிறுவனத்தின் பூத்தையல் நூல்கள் வேறு. ஒளி படாமல் இருந்த சிட்டங்கள் இன்றும் பயன்படும். 310 என்றால் கறுப்பு என்பது போன்ற நிற எண்கள் காகிதப் பட்டையில் இருப்பதால், பட்டையைக் கழற்றாது வைப்பது நல்லது.

விரலுறைகளில் வெள்ளிக்கான முத்திரையை உட்புறத்திலும் விளிம்பிலும் தேட வேண்டும். 1884 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சார்லஸ் ஹார்னர் காப்புரிமை பெற்ற டார்காஸ் வகையில், இரு வெள்ளித் தகடுகளுக்கு நடுவே எஃகு உள்ளது. முழு வெள்ளி அன்று என்பதால் அதற்கு வெள்ளி முத்திரை இராது. தந்தத்தால் ஆன ஊசிக்கூடுகளை வாங்கலாம் என்றாலும், 2016 ஆம் ஆண்டு முதல் ஆப்பிரிக்க யானைத் தந்தத்தை மாநிலங்களுக்கிடையே விற்பதை அமெரிக்கக் கூட்டரசு பெரிதும் கட்டுப்படுத்தியுள்ளது.

பெயர் இழத்தல்

ஓவியத்தில் ஓவியரின் கையொப்பம் இருக்கும். போர்வையிலும் மேசை விரிப்பிலும் பெரும்பாலும் இருப்பதில்லை. செய்தவர் யார் என்பதை அந்த வீடே சொல்லிக்கொண்டிருந்தது. பொருள் வாசலைத் தாண்டியதும் அச்செய்தி அறுந்துவிடுகின்றது. சந்தையில் அதன் பின் அது 1930களின் போர்வை மட்டுமே.

இவ்விழப்பை உணர்ந்தே 1981 ஆம் ஆண்டில் கென்டக்கி மாநிலத்தில் போர்வைகளை ஆவணப்படுத்தும் திட்டம் தொடங்கியது. மக்கள் தம் வீட்டுப் போர்வைகளைக் கொண்டுவந்து, செய்தவர் பெயரைப் பதிந்து, ஒளிப்படம் எடுத்துக்கொண்டனர். பிற மாநிலங்களும் இதனைப் பின்பற்றின. 1997 ஆம் ஆண்டில் ஆர்டிஸ், ராபர்ட் ஜேம்ஸ் இணையர் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஏறத்தாழ 950 போர்வைகள், லிங்கன் நகரில் உள்ள பன்னாட்டு ஒட்டுத்துணிப் போர்வை அருங்காட்சியகத்தின் அடித்தளமாயின.

தனி ஒருவராலும் இயன்றது உண்டு. விற்பனையில் குடும்பத்தினர் இருந்தால் செய்தவரின் பெயர், ஊர், ஏறத்தாழ எந்த ஆண்டு என்பவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். வீட்டில் தைத்தவர்கள் தம் அளவுகளையும் யாருக்குத் தைத்தது என்பதையும் மாதிரித்தாள் உறைகளின் மேல் பென்சிலால் குறித்து வைப்பது வழக்கம். போர்வையில் குண்டூசியால் குத்திய சீட்டும் சில வேளைகளில் இருக்கும். குண்டூசி துருப்பிடிப்பதால் அதனைக் கழற்ற வேண்டும், சீட்டை வீசிவிடக் கூடாது. விவரங்களைத் துவைத்த பருத்தித் துண்டில் அழியா மையால் எழுதி, போர்வையின் பின்புற மூலையில் கையால் தைத்து வைப்பர். தைத்து முடிக்காத போர்வையை வாங்கி முடிப்பவர்கள், தொடங்கியவர் பெயரை முதலிலும் தம் பெயரை அடுத்தும் எழுதி, இரண்டு ஆண்டுகளையும் குறிப்பிடுவர்.