"பாய், பையில என்ன?" - அலுவலகச் சிரிப்பும் ஜனநாயக ஏற்றுமதியும்

சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை பார்க்கும் நமதூர்ப் பிள்ளைகள் விடுப்பில் வரும்போது பேச்சுவாக்கில் ஒரு விஷயத்தைச் சொல்வதுண்டு. அலுவலகத்தில் எல்லோரும் நல்ல நண்பர்கள்தாம். ஆனால் தோளில் பையோடு உள்ளே நுழைந்தால் ஒருவர், "பாய், பையில என்ன? டைம் செட் பண்ணிட்டீங்களா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நம் பிள்ளையும் சேர்ந்து சிரிப்பான்.

"நீ ஏன்டா சிரிச்சே?" என்று கேட்டால், "சிரிக்கலைன்னா பாய்க்குக் கோவம் வந்துருச்சு, எல்லாரும் ஓடுங்கன்னு அதுக்கும் ஒரு ஜோக் அடிப்பாங்க அத்தா" என்கிறான்.

பெரும்பாலும் கேலி செய்பவருக்குக் கெட்ட எண்ணம் இருப்பதில்லை. நோன்புக் கஞ்சியை விரும்பிக் கேட்டு வாங்கிக் குடிப்பவரும் அவர்தான். அதனால்தான் இதைப் பற்றிப் பேசுவது சிரமமாக இருக்கிறது. பகைவன் சொன்னால் பதில் சொல்லிவிடலாம், நண்பன் சொல்லும்போது என்ன செய்வது?

குண்டு என்றதும் ஒரு தாடியும் தொப்பியும் நினைவுக்கு வருவது ஏன் என்று பார்க்க, நம் பகுதியிலேயே நடந்த ஒன்றை நினைவுபடுத்திக்கொள்வோம். 1987 மார்ச் 15. அப்போது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தில் இருந்தன. அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் குண்டு வெடித்து மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே மருதையாற்றில்தான் 1956 நவம்பரில் வெள்ளத்தால் ரயில் கவிழ்ந்து, லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியை விட்டு விலகினார். அது விபத்து. 1987இல் நடந்தது மனிதர்கள் செய்தது. தமிழ்நாடு விடுதலைப் படை என்ற அமைப்பின் மீது வழக்கு நடந்தது. அதன் தலைவர் தமிழரசன் அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று பொன்பரப்பியில் நடந்த வங்கிக் கொள்ளை முயற்சியின்போது பொதுமக்களால் அடித்துக் கொல்லப்பட்டார்.

அந்த ரயிலில் இருந்தவர்கள் ஊருக்குப் போய்க்கொண்டிருந்த சாதாரண மக்கள். அரசியல் நோக்கத்துக்காக இப்படி அப்பாவிகளைக் கொன்று மற்றவர்களை அச்சுறுத்துவதைத்தான் பயங்கரவாதம் என்கிறோம். 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் குண்டுகள் வெடித்து 58 பேர் கொல்லப்பட்டதும் அதேதான். அதைச் செய்தவர்கள் முஸ்லிம் பெயர் தாங்கியவர்கள் என்பதால் நாம் வேறு சொல்லைத் தேடவில்லை, தேடவும் கூடாது. ஆனால் ஒரு கேள்வி மட்டும் உண்டு. மருதையாற்றுக்காக அரியலூர்க்காரர் யாரையாவது எந்த அலுவலகத்திலாவது "பாலத்தைப் பார்த்துப் போங்கப்பா, இவரு வர்றாரு" என்று கேலி செய்திருப்பார்களா? அங்கே குற்றம் செய்தவர்களோடு முடிந்தது. கோவைக்குப் பின் அது பெயரிலும் தாடியிலும் ஒட்டிக்கொண்டது.

கேலியாக மட்டும் நின்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெங்களூரைச் சேர்ந்த டாக்டர் முஹம்மது ஹனீஃப் ஆஸ்திரேலியாவில் கோல்ட் கோஸ்ட் மருத்துவமனையில் பணியாற்றியவர். 2007 ஜூலை 2 அன்று, பிறந்து சில நாட்களே ஆன மகளைப் பார்க்க ஊருக்குப் புறப்பட்டவரைப் பிரிஸ்பேன் விமான நிலையத்தில் கைது செய்தார்கள். பிரிட்டனிலிருந்து கிளம்பியபோது ஒரு சிம் கார்டை உறவினரிடம் கொடுத்துவிட்டு வந்ததுதான் காரணம். கிளாஸ்கோ விமான நிலையத்தைத் தாக்கிய ஜீப்பில் அந்த சிம் இருந்தது என்று நீதிமன்றத்தில் சொன்னார்கள். அங்கே அது இல்லை. ஜூலை 27 அன்று வழக்கு கைவிடப்பட்டது. 2010இல் இழப்பீடும் கொடுத்தார்கள். சிம் கார்டை உறவினரிடம் கொடுத்துவிட்டு வருவதை நம் வீடுகளில் செய்யாதவர் யார்?

இப்போது இன்னொரு சிரிப்பைப் பார்ப்போம். 2003 மார்ச் 20 அன்று அமெரிக்கா இராக்கின் மீது படையெடுத்தது. பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்பது சொல்லப்பட்ட காரணம். ஆயுதம் கிடைக்கவில்லை. மத்தியக் கிழக்கில் ஜனநாயகத்தைப் பரப்ப வந்தோம் என்ற பேச்சு ஓங்கியது. 2004 மார்ச் 24 அன்று வாஷிங்டனில் வானொலி, தொலைக்காட்சிச் செய்தியாளர்களின் விருந்து. அதில் அதிபர் புஷ், தம் அலுவலகத்தில் மேசை நாற்காலிகளுக்கு அடியில் தாம் எதையோ தேடும் படங்களைத் திரையில் காட்டி, அந்த ஆயுதங்கள் இங்கேதான் எங்கோ இருக்க வேண்டும் என்று நகைச்சுவை செய்தார். மண்டபம் சிரித்தது. அதற்குள் 500க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களே இறந்திருந்தார்கள், இராக்கியர்களின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் இருந்தது.

அடுத்த மாதமே அபூ குரைப் சிறைப் படங்கள் வெளிவந்தன. நிர்வாணமாக்கப்பட்ட கைதிகளின் அருகே காவலர்கள் கட்டை விரலை உயர்த்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் ஒரு பணியிடம்தான், அவர்களுக்கு அது வேலை நேரத்துப் பொழுதுபோக்கு.

2005 ஜனவரி 30 அன்று இராக்கில் தேர்தல் நடந்தது. மக்கள் உயிரைப் பணயம் வைத்து வாக்களித்து, மை தோய்ந்த விரலைக் காட்டினார்கள். அவர்களின் துணிவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. மறு ஆண்டே பலஸ்தீனத்தில் தேர்தல் நடந்து, 132 இடங்களில் 74ஐ ஹமாஸ் வென்றபோது, ஜனநாயகம் பேசிய நாடுகள் உதவித்தொகையை நிறுத்தின. வாக்களிக்கலாம், ஆனால் நாங்கள் சொல்லும் ஆளுக்கு என்பதுபோல் இருந்தது அது.

நம் பக்கத்தில் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. அதைக் கட்டிய ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கடல் கடந்து கடாரத்தின் மீது படையெடுத்தார். உத்திரமேரூரில் குடவோலை முறை நடந்து வந்த சோழ நாடுதான் அது. ஆனாலும் கடாரத்து மக்களுக்குக் குடவோலை கொடுக்கப் போனேன் என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. வென்றேன் என்றுதான் கல்லில் வெட்டினார். அந்த அளவுக்காவது நேர்மை இருந்தது.

இராக்கின் குழப்பத்தில் சிக்கியவர்களில் நம்மைப் போன்ற பிழைக்கப் போனவர்களும் உண்டு. குவைத் நிறுவனம் ஒன்றில் லாரி ஓட்டிய 3 இந்தியர்கள் 2004 ஜூலையில் அங்கே ஆயுதக் கும்பலால் கடத்தப்பட்டு, செப்டம்பர் 1 அன்றுதான் விடுவிக்கப்பட்டார்கள். குண்டு போட்டவர்களும் கடத்தியவர்களும் தங்கள் தங்கள் காரணத்தைச் சொன்னார்கள். இடையில் மாட்டியவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது? கேலி செய்தவரைத் தனியாக அழைத்து, "இது எனக்கு வலிக்குது, வேற எதை வேணாலும் சொல்லுங்க" என்று ஒருமுறை சொல்லிப் பார்க்கச் சொல்கிறோம். சொல்லிப் பார்த்தவர்களில் பலருக்கு அந்த நண்பரே வருத்தம் தெரிவித்திருக்கிறார். பதிலுக்குக் குண்டு ஜோக் அடிக்க வேண்டாம். விமான நிலையத்திலும் வாட்ஸ்அப்பிலும் அறவே வேண்டாம். அங்கே மற்றவர் சொன்னால் விளையாட்டாகப் போகலாம், நம் பெயரில் இருந்தால் அது சாட்சியம்.

ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரை ஏளனம் செய்வதை ஸூரத்துல் ஹுஜுராத்தின் 11ஆவது வசனம் தடுக்கிறது. அதை எடுத்துச் சொல்லும் நாமே, நமதூர்க் கடைகளில் வேலை செய்யும் பீகார், ஒடிசா பிள்ளைகளை "வடக்கன்" என்று கூப்பிட்டு, பான்பராக்கையும் இந்தியையும் வைத்துக் கேலி செய்கிறோம். போன வாரம் ஒரு கடையில் பணப்பெட்டியில் கணக்கு உதைத்தபோது, "வடக்கன்ட்ட கேளுங்க" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தோம். சரக்கு அடுக்கிக்கொண்டிருந்த அந்தப் பையனும் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.