கூட்டை விட்டு விலக வேண்டிய கேமரா

காட்டுயிர் ஒளிப்படக் கலையின் தொடக்ககாலப் படங்களில் மிகப் பலவற்றில் பறவை தன் கூட்டின்மீதோ கூட்டை ஒட்டியோதான் காணப்படுகிறது. அக்காலக் கருவிகளின் இயலாமையே இதற்குக் காரணம். ஒளியுணரும் வேதிப்பொருள் பூசிய கண்ணாடித் தகடுகளில் படம் பதிவான அந்நாளில், தகடு ஒளியை மெதுவாகவே ஏற்றதால், ஒளியை உள்ளே விட்டு மூடும் ஷட்டர் நெடுநேரம் திறந்திருக்க வேண்டியிருந்தது. தொலைவில் உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் லென்சுகளும் எளிதில் கையாளத்தக்கனவாக இல்லை. பறந்து திரியும் உயிர் எங்கே வந்து அமரும் என்பது முன்கூட்டியே தெரிந்தால்தான் படம் கிடைக்கும் என்ற நிலையில், அது தவறாமல் திரும்பி வரும் இடமாகக் கூடு ஒன்றே இருந்தது.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் பிறந்த ரிச்சர்ட், செர்ரி கியர்ட்டன் சகோதரர்கள் 1892-இல் முட்டைகளுடன் கூடிய ஒரு கூட்டைப் படம்பிடித்து, 1895-இல் பிரித்தானியப் பறவைகளின் கூடுகளைப் பற்றிய நூலை ஒளிப்படங்களோடு வெளியிட்டபோது இந்தத் துறைக்கு அடித்தளம் அமைந்தது. பறவைகள் மாட்டைக் கண்டு அஞ்சுவதில்லை என்பதை அறிந்த அவர்கள், மாட்டுத் தோலைச் சட்டத்தின்மேல் போர்த்தி, அதன் வயிற்றுக்குள் ஆளும் கேமராவுமாக நின்று படமெடுத்தனர். ஒளிப்படக்காரர் உயிரினத்தின் கண்ணில் படாமல் அமர்ந்திருக்கும் இத்தகைய ஏற்பாடு மறைவிடம் எனப்படும். மறைவிடமும் எப்போதும் காப்பதில்லை. வேல்ஸில் ஆந்தைக் கூடொன்றின் அருகே பணியாற்றி வந்த ஒளிப்படக்காரர் எரிக் ஹாஸ்கிங், 1937-இல் ஓர் இரவு மறைவிடத்துக்குத் திரும்பியபோது தாய் ஆந்தையின் நகம் பாய்ந்து இடக்கண்ணை இழந்தார். குஞ்சுகளைக் காக்கும் பறவை மனிதனை எவ்வாறு கருதுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி இத்துறையின் வரலாற்றில் அரிது.

இந்தியக் காடுகளில் வேறொரு வழி உருவாயிற்று. வனத்துறை அதிகாரியான எஃப். டபிள்யூ. சாம்பியன், புலி நடக்கும் தடத்தின் குறுக்கே மெல்லிய கம்பியைக் கட்டி, விலங்கின் கால் பட்டதும் ஒளி பாய்ந்து கேமரா தானே இயங்குமாறு அமைத்தார். அவ்வாறு கிடைத்த படங்களோடு 1927-இல் அவர் வெளியிட்ட நூல், துப்பாக்கியின்றியும் புலியை வெல்லலாம் என்பதை வேட்டைக்காரர்களுக்கு உணர்த்தியது. உடல் வெப்பத்தையும் அசைவையும் உணர்ந்து படமெடுக்கும் இன்றைய தானியங்கி கேமராக்கள் அந்தக் கம்பியின் வாரிசுகளே. ஒரு புலியின் வரி மற்றொன்றுக்கு இராது என்பதால், இவை தரும் படங்களைக் கொண்டே புலிகளின் எண்ணிக்கை மதிப்பிடப்படுகிறது. 2018-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் 26,838 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டன.

தமிழகத்தில் இக்கலையின் முன்னோடி மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான அவர், பல கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தாமே உருவாக்கிய பெரிய கேமராவுக்குச் ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று பெயரிட்டு, கறுப்பு வெள்ளையிலேயே யானைகளையும் காட்டெருதுகளையும் பதிவு செய்தார். விலங்கு எந்த மரத்தடியில் நிற்கிறது, எதைத் தின்கிறது, கூட்டத்தில் அதன் இடம் என்ன என்பதை அவருடைய படங்கள் சொல்வதால், அவை அழகுக்காக மட்டுமன்றி ஆய்வுச் சான்றாகவும் மதிக்கப்படுகின்றன. உயிரினத்தின் முகத்தை மட்டும் சட்டத்தில் நிரப்பும் இன்றைய படங்களுள் பலவற்றுக்கு இந்தச் சிறப்பு வாய்ப்பதில்லை.

இன்று ஒரு நொடியில் 2,000-இல் ஒரு பங்கு நேரமே ஷட்டரைத் திறந்து, பறக்கும் மீன்கொத்தியின் சிறகைக்கூட அசையாமல் நிறுத்திவிடலாம். பறவையின் கண்ணைத் தானே தேடிக் கண்டுபிடித்துக் கூர்மையாகக் காட்டும் கேமராக்களும் வந்துவிட்டன. ஆகவே கூட்டை நாடிச் செல்வதற்குப் பழையவர்களுக்கு இருந்த காரணம் இப்போது எவருக்கும் இல்லை. ஆயினும் படம் தெளிவாக விழ வேண்டும் என்பதற்காகக் கூட்டை மறைக்கும் இலைகளையும் கிளைகளையும் விலக்குவோர் இருக்கின்றனர். மஞ்சள் மூக்கு நாரை வெயில் ஏறும் வேளையில் சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுக்கும். ஆட்கள் நெருங்கியதால் அது எழுந்து பறந்தால், இறகு முளைக்காத குஞ்சுகள் வெயிலில் கிடந்து வாடும், காகத்துக்கும் பருந்துக்கும் இரையாகும். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை அழைப்பதும் தீங்கற்றதன்று; தன் எல்லைக்குள் வேறோர் ஆண் வந்துவிட்டதாகக் கருதி அப்பறவை இரை தேடுவதை விட்டு அலைகிறது.

சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், கண்மாயில் கூடு கட்டும் பறவைகள் மிரளும் என்பதற்காக ஊர் மக்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. தம் பண்டிகையின் ஒலியையே விட்டுக்கொடுக்கும் அவர்களின் முன்னால், ஒளிப்படக்காரர் சில அடி பின்வாங்கி நிற்பது பெரிய தியாகமாகாது.

தொடக்க நிலையில் இருப்போர் ஊர்க் குளக்கரையிலும் வயல்வரப்பிலும் நாள்தோறும் காணும் கொக்கு, மைனா, கரிச்சான் ஆகியவற்றிடமிருந்தே தொடங்குவது நல்லது. பறவை மேய்வதை நிறுத்தித் தலையை நிமிர்த்திப் பார்த்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும். எச்சரிக்கைக் குரல் எழுப்பினால் திரும்பிவிட வேண்டும். கூடு கட்டியிருக்கும் இடத்தைப் படத்தோடு சேர்த்து வெளியிடாதிருப்பதும் இன்றியமையாதது. 1972-ஆம் ஆண்டின் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்பதற்குத் தரப்பட்டுள்ள விளக்கம், காட்டுப் பறவைகளின் முட்டைகளுக்கும் கூடுகளுக்கும் இடையூறு செய்வதையும் உள்ளடக்கியதாகும்.