செக்பாக்ஸ்: தொட்டும் டிக் விழாதது ஏன்?

மொபைல் செயலியில் ஒரு விருப்பத்தை ஏற்கவோ விலக்கவோ உதவும் சிறு கட்டமே செக்பாக்ஸ். செயலிகளை உருவாக்க உதவும் ஃபிளட்டர் கருவியில் இந்தக் கட்டம் தன் நிலையைத் தானே நினைவில் வைப்பதில்லை. விரல் பட்டதும் புதிய மதிப்பை ‘ஆன்சேஞ்ச்டு’ செயற்கூறுக்கு அனுப்புவதோடு அதன் வேலை முடிகிறது. அந்த மதிப்பை ஒரு மாறியில் சேமித்து ‘செட்ஸ்டேட்’டை அழைத்தால்தான் திரை மறுபடி வரையப்பட்டு டிக் தெரியும். புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். ‘ஆன்சேஞ்ச்டு’க்குச் செயற்கூறு எதுவும் தராமல் ‘நல்’ (null) என்று விட்டால் கட்டம் சாம்பல் நிறமாகிச் செயலிழக்கும்.

கூகுளின் வடிவமைப்பு வழிகாட்டியான மெட்டீரியல் டிசைனில் கட்டம் 18 டிபிதான் (டிபி என்பது திரையில் அளக்கும் அலகு). தொடுபரப்போ 48 டிபி. விரல் நுனி கட்டத்தைவிடப் பெரியது என்பதால் இந்த ஏற்பாடு. ஃபிளட்டரின் ‘செக்பாக்ஸ்லிஸ்ட்டைல்’ பயன்படுத்தினால் பக்கத்து எழுத்தைத் தொட்டாலும் டிக் விழும். படிவங்களுக்கு இதுவே மேல்.

நிறம், மூலை வளைவு, ஓரக்கோடு எல்லாம் மாற்றலாம். ஆனால் கட்டத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 3:1 ஒளி வேறுபாடு வேண்டும். வெளிர்சாம்பல் ஓரக்கோடு வெயிலில் கண்ணுக்கே தெரியாது.

ஒப்புதல் கேட்கும் கட்டத்தில் முன்கூட்டியே டிக் வைக்கவே கூடாது. அப்படிப் பெறும் குக்கி ஒப்புதல் செல்லாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது.