அடம்பன் வரை வந்துசேரும் படிவம்

2004 டிசம்பர் 26இல் நேர்ந்த ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் தன்னார்வக் கணினி வல்லுநர்கள் உருவாக்கிய சகானா என்னும் நிவாரண மேலாண்மை மென்பொருள், பின்னாளில் பைத்தன் மொழியில் 'ஈடன்' என்ற பெயரில் புதிதாக எழுதப்பட்டு, 2010இல் ஹெயிட்டி நிலநடுக்க மீட்புப் பணிகளிலும் பயன்பட்டது. அதற்கு அடித்தளமாக அமைந்தது வெப்டூபை என்னும் இணையச் சட்டகம்; இணையத்தளங்களுக்குப் பொதுவாகத் தேவைப்படும் வேலைகளை முன்கூட்டியே செய்துவைத்துள்ள நிரல் தொகுதியே சட்டகம் எனப்படும். இத்தகைய மென்பொருளில் பாதிக்கப்பட்டோரின் விவரங்கள் படிவங்களின் வழியாகவே சேர்வதால், படிவம் தரும் தெரிவுகள் பிழையானால் நிவாரணமும் பிழைத்துவிடும்.

மன்னார் மாவட்டத்து அடம்பனில் வாழும் ஒரு குடும்பத்தைப் பதிவதாகக் கொண்டால், வட மாகாணத்தைத் தெரிவுசெய்தவுடன் நாட்டின் 25 மாவட்டங்களுள் அதற்குரிய 5 மட்டும் அடுத்த பட்டியலில் தோன்றவேண்டும்; மன்னாரைத் தெரிவுசெய்ததும் மன்னார் நகரம், மாந்தை மேற்கு, மடு, நானாட்டான், முசலி ஆகிய பிரதேச செயலகப் பிரிவுகள் வரவேண்டும். பக்கம் முழுவதையும் மீண்டும் ஏற்றினால் ஏற்கெனவே நிரப்பிய விவரங்கள் அழியக்கூடும் என்பதால், உலாவியில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தெரிவுசெய்த மாவட்டத்தை மட்டும் வழங்கிக்கு, அதாவது தரவுகளைக் காத்துத் தரும் கணினிக்கு அனுப்பி, விடையாக வரும் பிரிவுகளைக் கொண்டு அந்த ஒரு பட்டியலை மாற்றியமைக்கிறது. மாவட்டம் பின்னர் வவுனியா எனத் திருத்தப்பட்டால், முன்பு தெரிவுசெய்த மாந்தை மேற்கும் உடனே நீங்கவேண்டும்.

பட்டியல் எந்த நேரத்தில் தயாராகிறது என்பதும் முக்கியமானது. 2005இல் வெளியான ஜாங்கோ என்னும் பைத்தன் சட்டகத்தில் படிவம் ஒரு வகுப்பாக, அதாவது பல படிவங்களை வார்த்தெடுக்கும் அச்சாக எழுதப்படுகிறது; வகுப்பை எழுதும் இடத்திலேயே தரவுத்தளத்தை வாசித்துப் பட்டியலை நிரப்பிவிட்டால், வழங்கி தொடங்கியபோது எடுத்த அப்பட்டியலே வழங்கியை மறுபடி தொடக்கும்வரை எல்லோருக்கும் காட்டப்படும்; இடையில் புதிதாகச் சேர்ந்த நிவாரண முகாம் எதுவும் அதில் வராது. பட்டியலுக்குப் பதிலாக அதைத் தயாரிக்கும் சார்பை, அதாவது அழைக்கும்போதெல்லாம் இயங்கும் நிரல் பகுதியைக் கொடுத்தால், ஒவ்வொரு படிவமும் உருவாகும்போது அச்சார்பு புதிதாக இயங்கும். வெப்டூபையோ ஒவ்வொரு கோரிக்கைக்கும் தரவு வரையறைகளை மீண்டும் இயக்குவதால் பட்டியல் இப்படிப் பழையதாகவே தேங்கிவிடுவது அங்கே எளிதில் நேர்வதில்லை.

உலாவியில் இவ்வாறு மாற்றியமைத்துத் திரையில் காட்டிய பட்டியலை வழங்கியும் அறிந்திருக்கவேண்டும். இல்லையேல் படிவம் வந்துசேரும்போது சரியான விடையையே செல்லாத தெரிவு என்று அது மறுத்துவிடும். இலங்கையின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் இடம்பெயர்வைக் கண்ட அடம்பன் போன்ற ஊர்களின் மக்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது நாளுக்கு நாள் மாறியதை நினைத்தால், தெரிவுப்பட்டியலை அன்றைய நிலைக்குப் புதுப்பித்து வைப்பது நிவாரண மென்பொருளை எழுதுவோரின் முதற்கடமை என்பது விளங்கும்.