பெர்முடாவின் இரும்பு வீடு

அமெரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில், அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே கிடக்கிறது பெர்முடா. அதன் மேற்கு முனையில் பிரிட்டிஷ் கடற்படை 1809இல் ஒரு கப்பல் பட்டறையைத் தொடங்கியது. அமெரிக்கா விடுதலை பெற்றபின் அந்தக் கரையில் இருந்த துறைமுகங்களை பிரிட்டன் இழந்துவிட்டது. போர்க்கப்பல்களைப் பழுதுபார்க்கவும் தண்ணீரும் உணவும் ஏற்றவும் கடற்படைக்கு வேறிடம் தேவைப்பட்டது. பட்டறையைக் காக்கும் கோட்டைக்குள், மேடான ஓரிடத்தில், அதன் தலைமை அதிகாரிக்காக 1820களில் எழுந்தது கமிஷனர் மாளிகை.

தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது வெயில் நாடுகளில் வெள்ளைக்கார அதிகாரிகள் கட்டிக்கொண்ட எத்தனையோ மாளிகைகளில் ஒன்றாகத்தான் தெரியும். கனத்த கல் சுவர், வரிசை பிசகாத சன்னல்கள், சுற்றிலும் வராண்டா. அதன் புதுமை தரைகளுக்கு அடியிலும் கூரைக்குள்ளும் இருக்கிறது. மர உத்தரம் இருக்க வேண்டிய இடங்களில் இரும்பு இருக்கிறது. மனிதர் குடியிருக்க இரும்புச் சட்டகத்தோடு கட்டிய வீடுகளில் உலகிலேயே மிகப் பழையவற்றுள் ஒன்று இது.

ஓர் அதிகாரியின் வீட்டுக்குள் இரும்பு எப்படி வந்தது? தீ பற்றிய அச்சமே காரணம். பாய்மரக் காலத்துக் கப்பல் பட்டறையில் எரியாத பொருளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சணல், தார், எண்ணெய், வண்ணப்பூச்சு, காய்ந்த மரம் என்று எல்லாமே நெருப்புக்குத் தீனி. 1776இல் ஜேம்ஸ் எய்ட்கன் என்பவன் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பட்டறையின் கயிற்றுக்கூடத்துக்குத் தீ வைத்தான். மறு ஆண்டே அவனைத் தூக்கிலிட்டார்கள். ஆனால் கட்டடங்கள் மரத்தால் ஆனவையாக இருக்கும்வரை அச்சம் தீரவில்லை.

விடை நூற்பாலைகளிடமிருந்து வந்தது. பஞ்சும் நாரும் பறக்கும் ஆலைகள் விளக்குச் சுடரில் பற்றி எரிந்து சாம்பலாவது அந்நாளில் வழக்கம். 1797இல் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரத்தில் சார்ல்ஸ் பேஜ் என்பவர் தூணும் உத்தரமும் வார்ப்பிரும்பாகவே அமைந்த ஓர் ஆளிநூல் ஆலையைக் கட்டினார். இன்றைய வானுயர்ந்த கட்டடங்களுக்கெல்லாம் மூதாதை அது. கடற்படையின் கட்டடக்கலைஞர் எட்வர்ட் ஹோல் இந்த முறையைப் பட்டறைகளுக்குள் கொண்டுவந்தார். 1812இல் பிளிமத் பட்டறையின் கயிற்றுக்கூடம் எரிந்தபோது, அதை இரும்பும் கல்லும் கொண்டு திரும்ப எழுப்பியவர் அவர்தான். பெர்முடா மாளிகையையும் அவரே வரைந்தார். ஆனால் அது முடிவதற்குள், 1823இல், காலமாகிவிட்டார்.

வார்ப்பிரும்பு ஒரு விசித்திரமான பொருள். அதில் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு வரை கரி கலந்திருக்கும். அதனால் எளிதில் உருகி, அச்சில் ஊற்றினால் எந்த வடிவமும் எடுக்கும். பெரும் அழுத்தத்தையும் தாங்கும். இழுத்தால் மட்டும் முன்னறிவிப்பே இல்லாமல் முறியும். தூணுக்கு இதைவிட நல்ல பொருள் அன்று கிடையாது, ஏனென்றால் தூணின் வேலை அழுத்தத்தைத் தாங்குவது. உத்தரத்தில்தான் சிக்கல். மேலே பாரம் ஏறும்போது உத்தரம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதன் மேற்பகுதி நெருங்குகிறது, கீழ்ப்பகுதி இழுபடுகிறது. வார்ப்பிரும்பு முதலில் விட்டுக்கொடுப்பது அந்தக் கீழ்ப்பகுதியில்தான். எனவே அங்கே இரும்பைக் கூடுதலாக வைக்க வேண்டும். எவ்வளவு கூடுதல் என்பதை ஈட்டன் ஹாட்ஜ்கின்சன் என்ற பொறியாளர் சோதனை செய்து கண்டறிந்தது 1830ஐ ஒட்டித்தான். பெர்முடாவில் அதற்குள் வீடே எழுந்துவிட்டது! அந்தக் காலப் பொறியாளர்கள் கணக்கு முழுமையாகக் கைக்கு வருமுன்பே, வார்த்து, பாரம் ஏற்றி, முறிகிறதா என்று பார்த்துப் பார்த்தே இவ்வளவு தூரம் வந்தார்கள் என்பதை நினைத்தால் மதிப்புக் கூடுகிறது.

இரும்பெல்லாம் இங்கிலாந்தில் வார்க்கப்பட்டுக் கப்பலேறி வந்தது. வார்ப்பிரும்பை அடித்து நீட்ட முடியாது. வந்த துண்டு நீளம் குறைந்தால், புதிய துண்டு கடல் தாண்டி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே லண்டனில் வரைந்த அளவும் பெர்முடாவில் எழுந்த சுவரும் துல்லியமாகப் பொருந்த வேண்டியிருந்தது. பாகங்களை ஓரிடத்தில் செய்து இன்னோரிடத்தில் பூட்டும் இன்றைய கட்டுமான முறை, இருநூறு ஆண்டுக்கு முன்பே பாய்மரக் கப்பலில் பயணம் செய்திருக்கிறது.

சுவருக்கான கல் மட்டும் உள்ளூர்ச் சரக்கு. பெர்முடாவே ஒரு பழைய எரிமலையின் தலையில் படிந்த சுண்ணாம்புக்கல்தான். சிப்பி, பவளத் துகள்களால் ஆன மணலைக் காற்று குவித்தது. மழைநீர் அந்தச் சுண்ணாம்பைக் கரைத்து, மறுபடி படியவைத்து, மணல்மேட்டை இறுக்கிப் பாறையாக்கியது. தீவின் மென்கல்லை ரம்பத்தால் அறுத்துவிடலாம். பட்டறை வளாகத்தில் வெட்டியெடுத்தது கடினமான வகை. மூன்றடி கனத்துக்கு எழுந்த சுவர்கள் சூறாவளிக்கு அசையாதவை. பகல் வெப்பத்தையும் மெல்லத்தான் உள்ளே விடுகின்றன.

வராண்டாவை அழகுக்கென்று நினைத்துக் கடந்துவிடக் கூடாது. பெர்முடா 32 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. கோடை நடுவில் உச்சிவெயில் 81 பாகை உயரத்திலிருந்து, கிட்டத்தட்ட நேர்மேலிருந்து விழும். வராண்டாக் கூரை அதைச் சுவரில் படாமல் தடுத்துவிடும். குளிர்கால நடுவில் நண்பகல் சூரியன் 35 பாகைக்கு மேல் ஏறாது. அப்போது அதே கூரைக்குக் கீழாகச் சாய்வெயில் தெற்குச் சன்னல்வரை வந்து சேரும். இந்த வராண்டாவைத் தாங்குவதும் இரும்புதான். கல்லால் கட்டியிருந்தால் தூண்கள் பருத்துக் காற்றை மறைத்திருக்கும். இரும்புத் தூண் மெலிந்து நின்றே பாரம் சுமக்கிறது.

இரும்புக்கும் பகை உண்டு. உப்புக்காற்று அதை அரிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடித்துக்கொண்டு, அணைத்திருக்கும் கல்லையே பிளக்கும். கடுந்தீயில் பழுக்கக் காய்ந்த வார்ப்பிரும்பின் மீது குளிர்ந்த நீர் பட்டால் வெடிக்கவும் கூடும். எரியாத பொருள் என்பதாலேயே அது தீக்கு அஞ்சாத பொருள் ஆகிவிடாது.

இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய வீட்டில் கமிஷனர்கள் நெடுங்காலம் வாழவில்லை. 1830களிலேயே அந்தப் பதவி நீக்கப்பட்டது. பிறகு படைவீரர்களின் தங்குமிடமாக மாறி, கடற்படையின் கையில் பல வேலைகளுக்குப் பயன்பட்டு, பட்டறை மூடப்பட்டபின் கேட்பாரற்றுச் சிதைந்தது. பெர்முடாவின் அருங்காட்சியகம் பல ஆண்டுகள் உழைத்து அதைச் செப்பனிட்டு 2000இல் திறந்தது.

இந்தப் பட்டறைக்காகக் கல் வெட்டியவர்களையும் சுமந்தவர்களையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. முதலில் அடிமைகளின் உழைப்பு. 1824 முதல் பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் கொண்டுவரப்பட்ட கைதிகளும் சேர்ந்தார்கள். பழைய கப்பல்களின் இருட்டு அடித்தளங்களில் அவர்களை அடைத்துவைத்தார்கள். மஞ்சள் காய்ச்சலில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். இன்று மாளிகையின் கீழ்த்தளக் கூடத்தில், கிரஹாம் ஃபாஸ்டர் என்ற ஓவியர் தீவின் ஐந்நூறு ஆண்டு வரலாற்றை ஆயிரம் சதுர அடிச் சுவரோவியமாகத் தீட்டியிருக்கிறார். அந்தத் தீவுக்கு வந்தவர்களின் கதையும், விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டவர்களின் கதையும் கமிஷனரின் வீட்டுச் சுவரிலேயே இடம்பெற்றிருக்கின்றன.