படத்தொகுப்பு, அனிமேஷன் கற்க இணையத்தில் கிடைப்பவை: 'இலவசம்' என்பதன் பொருள் என்ன?

அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ், கேமிங், காமிக்ஸ் ஆகிய துறைகளுக்கு 2030-ஆம் ஆண்டுக்குள் 20 லட்சம் தொழில் வல்லுநர்கள் தேவைப்படுவர் என 2026-27 மத்திய பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் குறிப்பிட்டார். மும்பையிலுள்ள இந்தியப் படைப்புத் தொழில்நுட்ப நிறுவனத்தின் துணையுடன் 15,000 இடைநிலைப் பள்ளிகளிலும் 500 கல்லூரிகளிலும் இதற்கான ஆய்வகங்கள் அமைக்கப்படும் எனவும் அவர் அறிவித்தார்.

அத்தகைய ஆய்வகம் எட்டாத தொலைவில் இருப்பவர் வீட்டுக் கணினியிலேயே இத்தொழிலைக் கற்கத் தொடங்க முடியுமா? முடியும். திரையரங்கில் வெளியாகும் படங்களை உருவாக்கப் பயன்படும் மென்பொருள்கள் இன்று கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆனால் இணையத்தில் 'இலவசம்' என்ற ஒரே சொல் நான்கு வெவ்வேறு பொருள்களில் வழங்குகிறது. அந்த வேறுபாட்டை அறியாமல் முதல் சம்பளப் பணியை ஏற்கும் இளைஞர் சட்டச் சிக்கலில் மாட்டிக்கொள்ளவும் கூடும்.

ஆஸ்கர் வென்ற இலவச மென்பொருள்

2025 மார்ச்சில் நடைபெற்ற 97-ஆவது ஆஸ்கர் விழாவில் சிறந்த அனிமேஷன் திரைப்படத்துக்கான விருதை லாத்வியா நாட்டு இயக்குநர் கின்ட்ஸ் ஜில்பலோடிஸின் 'ஃப்ளோ' வென்றது. வெள்ளத்தில் தத்தளிக்கும் ஒரு பூனையின் கதை அது; படத்தில் ஒரு சொல்கூட வசனம் இல்லை. 'இன்சைட் அவுட் 2', 'தி வைல்ட் ரோபாட்' போன்ற பெருநிறுவனப் படங்களை அது முந்தியது. லாத்வியாவுக்குக் கிடைத்த முதல் ஆஸ்கர் விருதும் அதுவே. அப்படம் உருவான மென்பொருள் 'பிளெண்டர்'. இணைப்பு வசதியுள்ள எவரும் அதைப் பதிவிறக்கிக்கொள்ளலாம்.

பிளெண்டர் பொதுச் சொத்தான வரலாறு சுவையானது. நெதர்லாந்தைச் சேர்ந்த டான் ரோசெண்டால் உருவாக்கிய இம்மென்பொருளை விற்றுவந்த நிறுவனம் நிதி நெருக்கடியில் மூடப்பட்டது. அதன் உரிமையை முதலீட்டாளர்களிடமிருந்து மீட்க 1 லட்சம் யூரோ தேவைப்பட்டது. 2002-இல் பயனர்களிடம் வேண்டுகோள் விடுக்கப்பட்டபோது ஏழே வாரங்களில் அத்தொகை சேர்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மூல நிரலுடன் அது வெளியிடப்பட்டது. இதுவே கட்டற்ற மென்பொருள் எனப்படுவது. பயன்படுத்தலாம், நிரலைத் திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். அதைக்கொண்டு உருவாக்கும் படம் முழுவதும் படைப்பாளிக்கே உரியது. விற்றுப் பணம் ஈட்டவும் தடையில்லை. ஜப்பானின் கிப்லி ஸ்டுடியோ பயன்படுத்திய 'டூன்ஸ்' மென்பொருளின் திறந்த வடிவமான 'ஓப்பன்டூன்ஸ்' 2016-இல் வெளியானது. ஓவியம் வரைய உதவும் 'கிரிட்டா', படத்தொகுப்புக்கான 'கேடென்லைவ்' ஆகியவையும் இவ்வகையைச் சேர்ந்தவை.

இரண்டாம் வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு 'டாவின்சி ரிசால்வ்'. திரைப்படங்களின் வண்ணச் சீரமைப்புக்காக ஒரு காலத்தில் லட்சக்கணக்கான டாலருக்கு விற்கப்பட்ட சாதனத் தொகுதியின் வழித்தோன்றல் இது. 2009-இல் இதைக் கையகப்படுத்திய ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம், பின்னர் ஓர் இலவசப் பதிப்பை வெளியிட்டது. படத்தொகுப்பு, வண்ணம், ஒலி மூன்றையும் அதிலேயே செய்யலாம். ஊதியம் பெறும் பணிக்கும் பயன்படுத்தலாம். ஆனால் நிரல் நிறுவனத்தின் உடைமை. இலவசப் பதிப்பில் 3840 x 2160 அளவுக்கு மேல் படத்தை வெளியிட இயலாது. காட்சியின் இரைச்சலைக் குறைக்கும் கருவி போன்ற சில வசதிகளும் கட்டணப் பதிப்புக்கே உரியவை. எனினும் கற்பவருக்கு இவை பெரிய தடைகள் அல்ல. பயிற்சி நூல்களையும் அவற்றுக்கான காட்சிக் கோப்புகளையும் அந்நிறுவனமே தன் இணையதளத்தில் கட்டணமின்றி அளிக்கிறது. யூடியூபில் தேடி அலைவதைவிட அந்நூல்களில் ஒன்றை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை செய்து முடிப்பது மேல்.

மாணவர் உரிமமும் 'கிராக்' பதிப்பும்

பெரிய அனிமேஷன் கூடங்களில் புழங்கும் 'மாயா' போன்ற மென்பொருள்களை மாணவர்களுக்கு ஆட்டோடெஸ்க் நிறுவனம் ஓராண்டு உரிமத்தில் இலவசமாக வழங்குகிறது; தகுதி நீடிக்கும்வரை புதுப்பித்துக்கொள்ளலாம். இது மூன்றாம் வகை. இங்குதான் பலர் தவறுகின்றனர். அந்த உரிமம் கற்பதற்கு மட்டுமே. திருமண வீடியோவுக்கு ஒரு தலைப்புக் காட்சி செய்து ஆயிரம் ரூபாய் பெற்றாலும் அது விதிமீறலே.

நான்காம் வகையை இலவசம் என்று சொல்வதே பிழை. பூட்டு உடைக்கப்பட்ட 'கிராக்' பதிப்புகள் தெருமுனைக் கடை முதல் டெலிகிராம் குழுக்கள் வரை கிடைக்கின்றன. பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, உரிமம் மீறிய பிரதி என்று அறிந்தே ஒரு கணினி மென்பொருளைப் பயன்படுத்துவது குற்றம். 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். வணிக நோக்கமின்றிப் பயன்படுத்தியிருந்தால் சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு நிறுத்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இத்தகைய கோப்புகளுடன் தீநிரல்களும் சேர்ந்துவரும் ஆபத்து தனி.

பயிற்சிக்குக் காட்சிகள் எங்கே?

மென்பொருள் கிடைத்தாலும் படத்தொகுப்பு கற்பவருக்கு இன்னொரு தேவை எஞ்சுகிறது. வெட்டி ஒட்டப்படாத மூலக் காட்சிகளை, அதாவது திரைத்துறையினர் 'ரஷஸ்' என்பதை, வைத்துத்தான் தொகுக்கப் பழக முடியும். முடிந்த படத்தைத் துண்டாக்கி மீண்டும் அடுக்குவதில் பயன் குறைவு. எதை விடுவது என்ற முடிவை வேறொருவர் முன்பே எடுத்துவிட்டார். பிளெண்டர் அறக்கட்டளை இதற்கு உதவுகிறது. 2006-இல் வெளியான 'எலிஃபன்ட்ஸ் ட்ரீம்' தொடங்கி தன் குறும்படங்களின் தயாரிப்புக் கோப்புகளையும் அது வெளியிட்டு வருகிறது. நடிகர்களைக் கொண்டு படமாக்கிய 'டியர்ஸ் ஆஃப் ஸ்டீல்' படத்தின் மூலக் காட்சிகளும் பொதுவில் உள்ளன.

பழைய இந்தியப் படங்களைப் பயன்படுத்த விரும்புவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தியாவில் திரைப்படத்தின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். அதன்படி 1965-இல் வெளியான படங்களின் உரிமை 2025 முடிவில் காலாவதியானது. ஆனால் பாடல் வரிகள், இசை, கதை ஆகியவற்றின் உரிமை, படைப்பாளியின் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் தொடரும். ஆகவே படம் பொதுவுடைமையானாலும் அதன் பாடல் ஆகிவிட்டதாகக் கொள்ள இயலாது.

பாடங்களைப் பொறுத்தவரை, மும்பை ஐஐடியின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம் குறிப்பிடத்தக்கது. ஏறத்தாழ 10 நிமிடப் பாடங்களாகப் பல கட்டற்ற மென்பொருள்களை அது கற்பிக்கிறது. பிளெண்டரும் இருபரிமாண அனிமேஷனுக்கான 'சின்ஃபிக்'கும் அவற்றில் அடங்கும். திட்டத்தின் பாடங்கள் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கும் மாற்றப்படுகின்றன. எந்தத் தளத்தில் பார்த்தாலும் பாடம் எந்தப் பதிப்புக்கு உரியது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். பிளெண்டரின் திரை அமைப்பு 2019 ஜூலையில் வெளியான 2.80 பதிப்பில் பெரிதும் மாறியது. ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க வலது பொத்தானை அழுத்தும் வழக்கமே இடது பொத்தானுக்கு மாறியது. அதற்கு முந்தைய பாடத்தைப் பின்பற்றுபவர் முதல் மணி நேரத்திலேயே சலித்துப்போவார்.

2023-இல் ஏழு ஆஸ்கர் விருதுகளை வென்ற 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' படத்தின் காட்சி விளைவுகளைப் பெரும்பாலும் ஐந்து பேர் கொண்ட சிறு குழுவே செய்தது. அவர்களில் பலரும் இணையப் பாடங்களைப் பார்த்துத் தாமே கற்றவர்கள்.

கணினியின் திறனே இன்றைய மெய்யான செலவு. ரிசால்வ் சீராக இயங்க 16 ஜிபி நினைவகமும் தனி கிராஃபிக்ஸ் அட்டையும் இருப்பது நல்லது. குறைந்த திறனுள்ள கணினியில், 4கே காட்சிகளுக்கு 'பிராக்ஸி' எனப்படும் சிறிய பிரதிகளை உருவாக்கி, அவற்றைக்கொண்டு தொகுத்து, இறுதி வெளியீட்டின்போது மட்டும் மூலக் கோப்புகளுக்கு மாறலாம். ரிசால்வின் இலவசப் பதிப்பிலும் கேடென்லைவிலும் இந்த வசதி உள்ளது.